முடிக்கக் கூடாத பேரம்

கட்டிய மனைவி வாயால் ‘அண்ணே’ என்று கூப்பிடப்பட்டவன் எங்கள் கடைத்தெருவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நியாயமாகப் பார்த்தால் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். அவளுக்கு மறதி நோய். சாவியை எங்கே வைத்தோம் என்பதில் ஆரம்பித்து, சபையில் பக்கத்தில் நின்று பாடுகிறவளின் பெயர், அடுப்பை அணைத்தோமா இல்லையா என்பது, வீட்டுக்குத் திரும்புகிற வழி என்று எல்லாம் தவணை முறையில் போய்க்கொண்டிருந்தது. என் முறை வர நாளாகும் என்று நினைத்திருந்தேன். நான் மட்டும் ஒரே காலையில் மொத்தமாகப் போய்விட்டேன். தேநீரோடு படுக்கையறைக்குள் நுழைந்தால், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, “நீங்க யாரு? எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம். வெளிய நில்லுங்க” என்றாள்.

ஒரு குடும்பப் பெண் பேச வேண்டிய பேச்சு. அதில் ஒரு சொல்லைக் குறை சொல்ல முடியாது. என் மனைவியை எனக்காக என்னிடமிருந்தே காப்பாற்றுகிறாள். பெருமைப்படுவதா வெளியே நிற்பதா என்று தெரியாமல் வாசற்படியில் நின்றேன். தேநீர் ஆறிப்போனது. கடைசியில் அதை நானே குடித்தேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்காரரைத் தேடி அவள் நடக்க ஆரம்பித்தாள். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி, மறுபடி கூடம். வெறுங்கால். நடந்து நடந்து இடது குதிகால் வெடித்துப் புண்ணாகிவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை உடம்பு. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, “தினமும் கழுவி, மருந்து வச்சு, புதுசா கட்டணும் ஐயா. ஒரு நாள் விடக்கூடாது. விட்டா புண்ணோட நிக்காது, காலக் கேக்கும்” என்றார்.

சொன்னது சரி, கட்டுவது யார்? நர்ஸ் குனிந்த உடனே ஒரு உதை. கிண்ணம் கவிழ்ந்து தண்ணீர் கூடமெல்லாம் ஓடியது. நான் போனால் அதைவிட மோசம்; அந்நிய ஆண் காலைத் தொட வருகிறான். ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்து, “யாராவது வாங்களேன்” என்று கூப்பிட்டாள். கீழே பழக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் எட்டிப் பார்த்துக் கையாட்டினேன். வேறு என்ன செய்ய?

என் மகள் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறாள். நடக்காததையெல்லாம் நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது அவள் பிழைப்பு. போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அப்பா, நான் உங்களோட சண்டை போடல. ஊருக்கு வெளிய ஒரு இல்லம் பாத்து வச்சிருக்கேன். சுத்தமா இருக்கு, ஆளுங்க இருக்காங்க, சின்ன ஜெப அறைகூட இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வருவேன். அதுக்குள்ள அம்மா கால்ல கை வைக்க விட்டாங்கன்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்.”

“உங்கம்மா கோயில் பீடமாடி, கை வைக்கக்கூடாதுன்னு சொல்ல?”

“சிரிக்க வைக்காதீங்கப்பா. நான் கோபமா இருக்கேன்.”

அவள் கோபமாக இல்லை. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விலை பேசியே வளர்ந்த குடும்பம். பெரியப்பா ஜவுளி, சித்தப்பா பாத்திரம், நாங்கள் செருப்பு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முத்தம் கேட்டால்கூட முதலில் மிட்டாயைக் காட்டச் சொல்லும். ஆண்டவரையும் நாங்கள் விட்டதில்லை. வேதத்தில் ஒரு பட்டணத்தைக் காப்பாற்ற ஆண்டவரிடமே ஐம்பது நல்லவர்களில் தொடங்கிப் பத்துவரை இறக்கிப் பேசினாரே விசுவாசிகளின் தகப்பன், அவரைப் பற்றிப் பிரசங்கம் நடந்தால் எங்கள் பெஞ்சில் மட்டும் ஒரு முணுமுணுப்பு கேட்கும்: பத்தில் ஏன் விட்டார் என்று. என் மனைவி வேறு மாதிரி. வேறு வீட்டிலிருந்து வந்தவள். முழங்கால் போட்டால் கேட்கமாட்டாள், பேசமாட்டாள், சும்மா இருப்பாள். “அங்க என்னடி பண்ற?” என்றால், “பாத்துட்டு இருக்கேன்” என்பாள். யார் வந்து தங்களுக்காக ஜெபிக்கச் சொன்னாலும், அடுப்பில் பால் பொங்கினாலும், உட்கார்ந்து ஜெபித்துவிட்டுத்தான் எழுவாள். எங்கள் இருவருக்குமான பக்தியை அவள் ஒருத்தியே செய்துகொண்டிருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நோய் வந்ததும் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

நான் எனக்குத் தெரிந்த மாதிரிதான் ஆரம்பித்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரிய வேண்டும் என்று கேட்டேன். அது மொத்த வியாபாரம். பதில் இல்லை. சரி என்று சில்லறையில் இறங்கினேன்: “ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்தக் கால்.”

திங்கட்கிழமை நர்ஸ் உதைபட்டுப் போன பிறகு, கூடத்துத் தண்ணீரைத் துடைக்கத் துணியை எடுத்தேன். குனிந்தால் இடுப்பு வலிக்கிறது. மூலையில் எங்கள் கடை முக்காலி கிடந்தது. கடையைக் கைமாற்றியபோது நான் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே சாமான் அதுதான். செடிக்குத் தண்ணீர் ஊற்ற அதன்மேல் ஏறுவேன். செருப்புக்கடை முக்காலி தெரியும் அல்லவா? வாடிக்கையாளர் நாற்காலியில் இருப்பார், விற்கிறவன் அவர் காலடியில் இந்தக் குட்டை முக்காலியில். முன்பக்கம் ஒரு சாய்வுப் பலகை, கால் வைக்க. அதை இழுத்துப் போட்டு அவள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, கடை தெறந்தாச்சா?”

நிமிர்ந்தேன். முகத்தில் பயமில்லை. கைப்பை இல்லாத மடியில் கைப்பை இருப்பது போலக் கைகளை வைத்துக்கொண்டு, வாங்க வந்தவள் உட்காருகிற உட்காரல்.

எங்கள் தொழிலில் சில விதிகள் உண்டு. விற்கிறவன் தலை வாங்குகிறவர் தலைக்கு மேலே போகக்கூடாது. போனால் ஆள் மிரண்டுவிடுவார். என்ன வேண்டும் என்று கேட்கக்கூடாது; கேட்டால் சும்மா பார்க்க வந்தேன் என்பார். வேறொன்று கேட்க வேண்டும். அதை என் வாய் தானாகக் கேட்டது.

“தெறந்தாச்சும்மா. உங்களுக்கு எந்தக் கால் கொஞ்சம் பெரிசு?”

எல்லாருக்கும் ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கேட்டதும் யோசிப்பார்கள், யோசித்ததும் காலை நீட்டுவார்கள். அவளும் யோசித்தாள். இடது காலை எடுத்துச் சாய்வுப் பலகையில் வைத்தாள்.

“இதுதான்னு நினைக்கிறேன்.”

புண் இருந்த கால். என் கண்ணுக்கு நேரே.

“அளவெடுக்க முன்னாடி கழுவித் தொடைக்கணும்மா.”

“எல்லாக் கடையிலயும் அப்படியா?”

“எங்க கடையில மட்டும்தான்.”

“அதுக்குத் தனியா வாங்குவீங்களா?”

“உங்ககிட்டயா? நல்லா இருக்கே.”

கழுவினேன். நர்ஸ் விட்டுப்போன மருந்தை வைத்தேன். “என்ன அண்ணே எரியுது?” என்றாள். “தோல் புதுசும்மா, ரெண்டு நாள் கடிக்கும்” என்றேன். புதுச் செருப்பு கடிக்கும் என்பது அவளுக்கு நியாயமாகப் பட்டது. கட்டுத்துணியைச் சுற்றி முடித்தபோது என் தோளில் துண்டு, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், நான் தரையோடு தரையாக. திடீரென்று ஞாபகம் வந்தது: எங்கள் ஆண்டவரும் கடைசி விருந்தன்று சீடர்களின் காலைக் கழுவ இப்படித்தான் உட்கார்ந்தார். அவரிடமும் ஒருவர் காலை இழுத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக அதைத் தாழ்மை என்று பிரசங்கம் கேட்டேன். அன்று அது எனக்குத் தொழில் நுட்பமாகவும் தெரிந்தது. இப்படி நினைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஆனால் கையில் ஒரு தெம்பு வந்தது. அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

செவ்வாய், புதன் நன்றாகப் போனது. பழைய பெட்டிகள் இரண்டை அலமாரியிலிருந்து எடுத்துவைத்தேன். அவளுடைய செருப்புகளையே துடைத்து மெல்லிய தாளில் சுற்றி உள்ளே வைத்தேன். கறுப்பைக் காட்டினால் பழுப்பு இருக்கிறதா என்பாள், பழுப்பைக் காட்டினால் வார் இல்லாதது இருக்கிறதா என்பாள். இடையிடையே ஒரு வாய் சூப்பு, ஒரு மாத்திரை. “கடைக்கு வர்றவங்களுக்கு இது எங்க உபசாரம்” என்பேன். இந்த நோய் வந்தபிறகு அவள் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்ததில்லை.

பேச்சும் வந்தது. அதுதான் என்னைக் குழப்பியது.

“எங்க வீட்டுக்காரரும் செருப்புக்கடைதான் வச்சிருக்கார்.”

“அப்படியா? எப்படி ஆளு?”

“வாய் ஜாஸ்தி. ஜெபம் கம்மி.”

“அப்ப நல்ல ஆளுதான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பாத்திருக்கீங்களா அவர? எங்க இருக்கார்?” அவள் கண்ணில் திடீரென்று ஒரு வெளிச்சம், அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டாள். அந்த வெளிச்சம் எனக்கானது. எனக்கு வரவில்லை; என் பின்னால் எங்கேயோ போனது. உன் முன்னால்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் காலை இழுத்துக்கொள்வாள்.

“வந்துட்டு இருப்பார்மா” என்றேன். இது பொய்யா? வந்துகொண்டுதானே இருக்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து என்றுதான் எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை போதகர் வந்தார். என் மகளைவிட வயதில் சின்னவர். புதிதாக எங்கள் சபைக்கு மாற்றலாகி வந்தவர். எதையும் எழுந்து நின்று சொல்லுகிறவர். அவர் உள்ளே நுழைந்ததும் அவள், “தம்பிக்கு முதல்ல பாருங்க அண்ணே, பாவம் அவசரமா வந்திருப்பாங்க. நான் காத்திருக்கேன்” என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

போதகர் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். காலுறையில் ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்த்தது.

“கல்யாணம் ஆகலையா தம்பி?” என்றாள் அவள்.

“ஆயிடுச்சும்மா.”

“பாத்தா தெரியல.”

போதகரின் காலை என் பலகையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி என் சந்தேகத்தைக் கேட்டேன். வேறு நேரம் கிடைக்காது. “ஐயா, நான் தினமும் பொய் சொல்றேன். கடைக்காரன்னு பொய், தோல் கடிக்குதுன்னு பொய். பொய் சொன்னாத்தான் புண்ணு கழுவ முடியுது. காலையில ‘ஆண்டவரே இன்னைக்கு ஒரு நாள்’னு ஜெபம் பண்ணிட்டு, எழுந்து வந்து முதல் வாயிலயே பொய். அவருக்கும் இதுல பங்கு இருக்கா இல்லையா? எனக்குக் கணக்கு ஒத்து வரல.”

அவர் குனிந்து, எட்டிப் பார்த்த பெருவிரலைக் காலுறைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஐயா, நான் படிச்ச படிப்புல இதுக்கு ரெண்டு பதில் இருக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை. உங்ககிட்ட ரெண்டையும் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு.”

“அப்ப எனக்கு எதைத் தருவீங்க?”

“ஒரு கேள்விதான் இருக்கு. கல்யாணத்தன்னைக்கு வாக்குக் குடுத்தீங்க இல்ல, அதுல ‘அவ என்னை அடையாளம் தெரிஞ்சிருக்கிற வரைக்கும்’னு ஏதாவது நிபந்தனை இருந்துச்சா?”

யோசித்தேன். நான் எந்த ஒப்பந்தத்திலும் நிபந்தனையை முதலில் தேடுகிறவன். “வியாதியிலன்னு இருந்துச்சு. இது இல்ல.”

“அப்ப வாக்கு அப்படியே இருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் ஐயா. பொய்யைப் பத்தி நான் யோசிச்சுச் சொல்றேன்.”

“யோசிக்கிறதுக்குத் தவணை கேக்கிற முதல் போதகர் நீங்கதான்.”

சிரித்தார். அவள், “பிடிச்சிருக்கா தம்பி?” என்றாள். “பிடிச்சிருக்கும்மா” என்றார். மறக்காமல் ஒரு ஜெபம் செய்தார், ஷூவைப் போடாமலேயே. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் நின்றார். அந்தக் கேள்வி எனக்கு உதவியதா என்றால், உதவியது. அவள் மறந்ததால் நான் குறைந்துபோகவில்லை என்று ஒரு பிடி கிடைத்தது. ஆனால் ஒரு குழப்பத்தை எடுத்துக்கொண்டு இன்னொன்றைத் தந்துவிட்டுப் போனார்: வாக்கு அப்படியே இருக்கிறது, சரி, யாரிடம் கொடுத்தேனோ அவளிடமா, ‘அண்ணே’ என்கிற இவளிடமா? ரெண்டு பேரும் ஒரே காலை நீட்டுகிறார்கள்.

ஞாயிறு வந்தது. அவளை விட்டுவிட்டு ஆராதனைக்குப் போக முடியாது. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, தெருமுனைக் கோயிலிலிருந்து வந்த பாட்டைக் கேட்டோம். பாட்டு அவளுக்கு மறக்கவில்லை. மூன்று சரணமும் பாடினாள். நான் மூன்றாவதில் வார்த்தையைத் தவறவிட்டு வாயை மட்டும் அசைத்தேன்.

மகள் வந்தபோது கையில் ஒரு பெரிய பை, காலியாக, மடித்து. எதற்கென்று கேட்கவில்லை. “அம்மா கிட்ட நீ மகள்னு சொல்லாத. ஒரு வாடிக்கையாளரா உக்காரு” என்றேன்.

“அப்பா, என்ன நாடகம் இது?”

“உக்காந்து பாரேன்.”

உட்கார்ந்தாள். நான் முக்காலியை இழுத்துப் போட்டேன். தப்பு எங்கே நடந்தது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. என் வேலையை ஒருவர் பார்க்கிறார், அதுவும் மகள், அதுவும் தீர்ப்புச் சொல்ல வந்தவள். வியாபாரிக்குப் பார்வையாளர் இருந்தால் போதும், கை சும்மா இருக்காது. வாரமெல்லாம் தட்டுத்தடுமாறிப் பேசியவன் அன்று கடைத்தெருவில் என் நல்ல காலத்தில் பேசிய மாதிரி பேசினேன். கால் பலகைக்கு வந்தது. கழுவியாயிற்று. மருந்து மட்டும் பாக்கி. மகளின் புருவம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

“பழுப்ப விட இந்தக் கறுப்பு உங்க காலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா” என்றேன்.

அவள் காலைத் திருப்பிப் பார்த்தாள். “பரவாயில்ல” என்றாள்.

எங்கள் தொழிலில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருப்போம். வாங்குகிறவர் வாயில் அது வந்த நொடியில் பெட்டியை மூடிவிட வேண்டும். மூச்சுவிட நேரம் கொடுத்தால் மனம் மாறிவிடும். என் கைகளுக்கு என்னிடம் கேட்கிற பழக்கம் இல்லை. செருப்பு தாளுக்குள் போனது, தாள் பெட்டிக்குள் போனது, நூல் குறுக்கே சுற்றி முடிச்சு விழுந்தது. “சந்தோஷமாப் போட்டுக்குங்கம்மா” என்று நீட்டியும் விட்டேன்.

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

வாங்கியாயிற்று. அப்புறம் கடையில் என்ன வேலை? அவள் செய்தது முழுக்க முழுக்கச் சரி. அந்த வாரம் முழுதும் நான் அவளை உட்கார வைத்திருந்தது செருப்பு அல்ல, முடியாத பேரம். அதை நானே முடித்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன். உலகத்தில் எந்த நர்ஸும், எந்த மருத்துவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

“வர்றேன் அண்ணே. எங்க வீட்டுக்காரர் தேடுவார்.”

“இருங்கம்மா, இன்னொரு ஜோடி...”

“ஒண்ணு போதும்.”

“சூப்பு...”

“வீட்ல போய்ச் சாப்பிட்டுக்கறேன்.” ஈரக் காலோடு கதவை நோக்கி நடந்தாள். புண் தரையில் பட்டு, ஒவ்வொரு அடிக்கும் சின்னச் சிவப்பு வட்டம். தாழ்ப்பாளைத் தேடினாள். கிடைக்கவில்லை. கதவைத் தட்ட ஆரம்பித்தாள். “என்ன கடை இது, ஆள உள்ள வச்சுப் பூட்டுறீங்க?” குரல் ஏறியது.

மகள் எழுந்துவிட்டாள். “போதும்பா. நீங்க பண்ணினது போதும். இதுக்குத்தான் நான் சொன்னேன்.” அவள் கையில் அந்தக் காலிப் பை. முகத்தில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் தீர்ந்துவிட்டது. வாங்கி முடித்தவரைத் திருப்பி உட்கார வைக்க எங்கள் பரம்பரையில் யாருக்கும் வழி தெரியாது. முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். “ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாள்” என்பதுகூட வரவில்லை. நான் அவரிடம் கேட்டேனா அவளிடம் சொன்னேனா என்று தெரியாது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“அம்மா, என் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்ல. எனக்காக ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போவீங்களா?”

தட்டுவது நின்றது.

அந்த வாரத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. போட்டிருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்தாள். “என்ன பண்ணுது அவங்களுக்கு?”

“எல்லாம் மறந்துபோச்சு. என்னைத் தெரியல.”

“அடடா. பேரு என்ன?”

சொன்னேன்.

“எனக்கும் அதே பேருதான்” என்றாள். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முக்காலியில் இருப்பவன் தலை அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். கையை வைத்தாள். கண்ணை மூடினாள். பழைய மாதிரி, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. பிறகு ஆரம்பித்தாள்.

“அன்பான ஆண்டவரே, இந்த அண்ணனோட வீட்டுக்காரிக்காக வந்திருக்கேன். அவங்க எங்கயோ வழி தெரியாம நின்னுட்டு இருக்காங்க. எல்லாரும் புது ஆளா இருப்பாங்க. பயமா இருக்கும் ஆண்டவரே, ரொம்ப பயமா இருக்கும். யாரு வந்து கையப் பிடிச்சாலும் அது நீர் அனுப்புன ஆளுதான்னு அவங்களுக்குச் சொல்லும். இந்த அண்ணனையும் பாத்துக்கும். முகத்தப் பாத்தா சாப்பிட்டு நாளான மாதிரி இருக்கு. அவங்க இவர மறந்துட்டாலும் நீர் ரெண்டு பேரையும் மறக்கல. அதை இவருக்கு அப்பப்போ ஞாபகப்படுத்தும்...”

இன்னும் நிறைய. ஊரில் உள்ள நோயாளிகள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், என்றோ செத்துப்போன ஒரு டாக்டருக்காகக்கூட ஜெபித்தாள். நான் கண்ணை மூடவே இல்லை. அவள் முகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் சொல்கிறாளா? தெரியாமலா? ‘பயமா இருக்கும்’ என்றபோது அவள் விரல்கள் என் முடியைப் பற்றின. அது ஜெபத்தின் வேகமா, அல்லது உள்ளேயிருந்து யாராவது எட்டிப் பிடித்தார்களா? தன்னையே யாரோ ஒருத்தியாக நிறுத்தி, தனக்காகத் தானே கேட்கிறவளின் ஜெபம் யார் பெயரில் வரவு வைக்கப்படும்? எனக்கு விளங்கவில்லை. ஆனால் வாரமெல்லாம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கியது. விளங்காமலும் பாரம் இறங்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவள் கால் பலகையில் இருப்பதை உணர்ந்தேன். பழக்கத்தில் அவளே வைத்திருக்கிறாள். குனிய முடியாது; தலையில் அவள் கை. அப்போது மகள் பையைக் கீழே போட்டுவிட்டு மெல்ல வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பஞ்சை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் மருந்துக் குப்பியைக் காட்டினேன். துடைத்து, மருந்து வைத்து, துணியை ஒரு சுற்று தளர்வாகவும் ஒரு சுற்று இறுக்கமாகவும் சுற்றினாள். நன்றாகவே கட்டினாள். ‘ஆமென்’ வந்தபோது அவளும் சொன்னாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

என் மனைவி கண்ணைத் திறந்து மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். “இது யாரோடது?”

“யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்கம்மா” என்றேன். மறுபடி பொய், அல்லது இல்லை. போதகர் யோசித்துச் சொல்லட்டும்.

மகளின் போன் அடித்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய், “இன்னைக்கு வரல... இல்ல, இடத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க... தெரியல, எதுவும் தெரியல எனக்கு” என்று வைத்துவிட்டு வந்து மறுபடி தரையில் உட்கார்ந்தாள். இன்சூரன்ஸ்காரி எதுவும் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

என் மனைவி அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, “இந்தப் பொண்ணுக்குக் கை நல்லா சுத்தம் அண்ணே. கடையில வேலைக்கு வச்சுக்குங்க. உங்களுக்கும் வயசாகுது இல்ல” என்றாள்.

மகள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வாரத்துல எத்தன நாள் வரணும்?”

“ஆறு” என்றாள் என் மனைவி, கண் இமைக்காமல். “ஞாயிறு ஆராதனை.”

“எனக்கு வேற வேலை இருக்கும்மா. ரெண்டு.”

“ரெண்டு நாள் வர்றவளுக்கு யாரு வேலை குடுப்பா? அஞ்சு.”

“மூணு. அதுக்கு மேல முடியாது.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷம் என்னோடு இருந்து, ஒரு தடவைகூட பேரம் பேசாத பெண்பிள்ளை. இதை எங்கே கற்றாள், எப்போது கற்றாள், யாருக்காகப் பேசுகிறாள், ஒன்றும் பிடிபடவில்லை.

“என்ன சொல்றீங்க அண்ணே, மூணுக்கு விட்டுடலாமா?”

எனக்கு எந்தப் பக்கம் நின்று பேசுவது என்று தெரியவில்லை. மகள் என் முழங்காலில் கையை ஊன்றியிருந்தாள்.

“விட்டுடலாம்மா” என்றேன்.